செய்த வேலை என்ற கட்டம்

எங்கள் பக்கத்தில் பெடியளைப் பற்றிக் கதை தொடங்கினால் அது கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "அந்தக் காலத்தில ஒருத்தன் இப்பிடித் திரிஞ்சிருப்பானே?" தேத்தண்ணிக் கடையிலும் சொல்வார்கள், செத்தவீட்டிலும் சொல்வார்கள், பள்ளிக்கூட அபிவிருத்திச் சங்கக் கூட்டத்திலும் யாராவது ஒருவர் எழும்பிச் சொல்லியே தீருவார். எந்தக் காலம் என்று வன்னியில் யாரும் யாரிடமும் கேட்பதில்லை, புலிகள் இருந்த காலம்தான். கசிப்பு என்ற கள்ளச்சாராயம் இல்லை, களவு இல்லை, இரவு பத்து மணிக்கும் பொம்பிளைப் பிள்ளை தனியே சைக்கிளில் வீட்டுக்கு வரலாம். சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை, நானும் அதற்குள்தான் வளர்ந்தேன். ஆனால் எனக்கு இந்தப் பேச்சு ஒருநாளும் செமித்ததில்லை. 2009 மேயில் போர் முடிந்து, சனம் மெனிக் பாம் அகதி முகாமில் இருந்து திரும்பி, தறப்பாளுக்குக் கீழே இருந்து வீட்டுத்திட்டம் வரைக்கும் வந்து சேர்வதற்குள் கசிப்பு வந்துவிட்டது, அப்புறம் மாவா என்ற போதைப்பாக்கு வந்தது, இப்போது ஐஸ் போதைப்பொருள். இவ்வளவு கெதியாக எல்லாம் கழன்றுபோனது என்றால் அந்த ஒழுக்கம் அதுவரை எங்கே இருந்தது? பெடியளுக்கு உள்ளே இருந்ததா, இல்லை வெளியே சுற்றி நின்று அவர்களைப் பிடித்துக்கொண்டிருந்ததா?

கூட்டத்தில் இதைக் கேட்டால் கதை அரசியலாகிவிடும், பிறகு பெடியளை எல்லாரும் மறந்துவிடுவார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

ஊரில் சொல்லப்படும் மருந்து இரண்டு. ஒன்று பிரம்பு. "நாங்கள் வாங்காத அடியே, நாங்கள் கெட்டா போனம்" என்பது அதன் நியாயம். மற்றது இராணுவப் பயிற்சி. இதை இங்கேயுள்ள தகப்பன்மார் சத்தமாகச் சொல்ல மாட்டார்கள், ஆனால் நாட்டின் மற்றப் பக்கங்களில் நிறையப் பேருக்கு அந்த எண்ணம் உண்டு. 2011இல் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான பிள்ளைகளை இராணுவ முகாம்களுக்கு அனுப்பித் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தது நினைவிருக்கும். இரண்டு மருந்திலும் உள்ளே கிடப்பது ஒரே நம்பிக்கைதான்: மேலே நிற்கிறவன் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் கீழே நிற்கிறவன் ஒழுங்காக இருப்பான். சரி, கண்ணை எடுத்தால்? பதினெட்டு வயதில் ஒரு பெடியன் கொழும்புக்கோ கட்டாருக்கோ வேலைக்குப் போகிறான், அங்கே அவனுடைய அறைக்குள் யார் பிரம்போடு நிற்பார்கள்?

நான் சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு பள்ளிக்கூடத்தில் சாரணர் குழுவைப் பார்த்துக்கொள்கிற ஆள். இதைச் சொன்னதும் பலர், "நல்லது, பெடியளுக்கு அணிநடை பழக்குங்கோ, நிமிர்ந்து நிக்கட்டும்" என்பார்கள். சாரணியம் என்றால் சுதந்திர தினத்துக்குக் கொடிக்கம்பத்தடியில் வரிசையில் நிற்பதும், இல்ல விளையாட்டுப் போட்டியில் பிரதம விருந்தினருக்கு முன்னால் நடப்பதும்தான் என்று ஆகிவிட்டது. எனக்கு இதில் பெரிய மனவருத்தம். ஏனென்றால் அது அந்த இயக்கத்தின் தோல், சதை வேறு.

வாசலில் நின்ற அம்மா

சாரணியத்தின் கதையைச் சொல்ல வெளிக்கிட்டால் எல்லாரும் மஃபெகிங்கில்தான் தொடங்குவார்கள். தென்னாபிரிக்காவில் ஒரு சின்னப் பட்டணம். 1899 ஒக்டோபரில் இருந்து 1900 மே வரை, 217 நாள் முற்றுகை. உள்ளே, பிறகு சாரணியத்தைத் தொடங்கிய பிரித்தானியப் படை அதிகாரி பேடன் பவலும் அவருடைய ஆட்களும், வெளியே போயர் படை. ஆள் பற்றாக்குறையால் ஊர்ச் சிறுவர்களைச் சேர்த்துச் சீருடை கொடுத்து, செய்தி கொண்டுபோகவும் காவல் பார்க்கவும் விட்டார்கள். ஷெல் விழுகிற நேரத்திலும் அந்தப் பெடியள் சைக்கிளில் செய்தி கொண்டு ஓடினார்கள், சிறுவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் அவர்கள் அதைத் தாங்குவார்கள் என்பதை அவர் அங்கேதான் கண்டார் என்று கதை போகும். மாத்தளையில் சொன்னால் இது சாகசக் கதை. இலங்கையில் முதல் சாரணர் குழு 1912இல் தொடங்கியது அங்கேதான், அங்கே இதைக் கேட்கிற பிள்ளை கைதட்டும். வன்னியில் இதைச் சொல்லிப் பாருங்கள். முற்றுகை, ஷெல், சீருடை போட்ட சிறுவர். அந்த முற்றுகை உடைந்தது மே 17. எங்களுக்கு அந்தத் திகதிக்கும் அதற்கு அடுத்த நாளுக்கும் யாரும் வந்து விளக்கம் சொல்லத் தேவையில்லை.

நான் இந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம் வகுப்பறை வாசலில் ஒரு அம்மா வந்து நின்றார். மகனைச் சேர்ப்பது பற்றிக் கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதிரையைக் காட்டினேன். அவர் இருக்கவில்லை. பெடியள் வெளியே போகும்வரை பேசாமல் நின்றுவிட்டுக் கேட்டார்: "சேர், திருப்பியும் உடுப்புப் போட்டு, லெப்ட் ரைட் அடிச்சு, காட்டுக்க கொண்டுபோகப் போறியளோ?" நான் வாயைத் திறக்க முன்னமே மற்றதையும் சொன்னார். "நான் மூத்தவனைக் குடுத்திட்டன். இவனைத் தரமாட்டன்." கோபம் இல்லாத குரல். கடையில் சாமான் விலை சொல்வதைப் போலத்தான் சொன்னார்.

அதற்கு நான் சாரணியம் அரசியல் சார்பற்றது, உலகம் முழுக்க இருக்கிறது என்றெல்லாம் விளக்கம் கொடுக்கலாம். எல்லாம் உண்மையும்கூட. ஆனால் ஒரு தாய் வாழ்ந்து கண்டதற்கு எதிரே நின்று கொள்கை விளக்கம் சொல்வது எனக்கு மரியாதையாகப் படவில்லை. "அக்கா, சேர்க்க வேண்டாம். சனிக்கிழமை சும்மா வந்து வேப்பமரத்தடியில இருந்து பாருங்கோ" என்று மட்டும் சொன்னேன். அதோடு, அன்றிலிருந்து கதையை 1907 ஓகஸ்டில் தொடங்குகிறேன். இங்கிலாந்தில் பிரவுன்சி என்ற சின்னத் தீவு, பேடன் பவலின் முதல் பாசறை, கிட்டத்தட்ட இருபது பெடியள், ஒரு கிழமைப் பாசறை. பாதிப்பேர் பெரிய பணக்காரப் பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள், பாதிப்பேர் பக்கத்துப் பட்டணத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். ஒரே கூடாரத்தில் படுத்து, ஒரே சட்டியில் சமைத்துச் சாப்பிட்டார்கள். நான்கு அணி: ஓநாய், காளை, காகம், கர்லியூ என்ற கரைப்பறவை. ஒவ்வொரு அணிக்கும் பெடியளில் ஒருவனே தலைவன். அணியில் நடப்பதற்கு அவன் பொறுப்பு, பெரியவர் யாரும் நடுவில் வந்து கை வைப்பதில்லை. இந்த அணி முறைதான் சாரணியம். மற்றதெல்லாம், கழுத்துப்பட்டியும் கைகொடுக்கும் முறையும், பிறகு வந்து ஏறியது. படைத் தளபதியாக இருந்த பேடன் பவல்தான் சிறுவர்களுக்கு அணிநடைப் பயிற்சி கூடாது, அது பிள்ளையின் தனித்தன்மையைக் கெடுக்கும் என்று வாதாடியவர். இது எங்கள் பள்ளிக்கூடங்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் பேண்ட் வாத்தியத்துக்குப் பின்னால் நடக்கவிட மட்டும் சாரணர்களைக் கூப்பிட மாட்டார்கள்.

திறப்பு

அந்த அம்மா வேப்பமரத்தடிக்கு வந்தார். வந்ததற்குக் காரணம் எங்களுடைய அருமை இல்லை. மகன் வீட்டுக்குக் காசு கொண்டுவரத் தொடங்கியிருந்தான். எங்கே கிடைத்தது என்று கேட்டால் சொல்கிறானில்லை. எனக்குத் தெரியும், ஊருக்கும் தெரியும். ஆற்று மணலைக் கள்ளமாக ஏற்றுகிற ரக்டர்களுக்கு இரவில் முன்னால் மோட்டார் சைக்கிளில் போய்ப் பாதை பார்க்கிற வேலை. சந்தியில் பொலிஸ் நின்றால் போனில் சொல்லவேண்டும், அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பெடியனுக்கு ஒரு இரவுக்குக் கிடைக்கிற காசு, தாய் கச்சான் ஆய்ந்து இரண்டு நாளில் எடுப்பதைவிடக் கூட. சீருடைக்குப் பயந்து மகனை வீட்டில் வைத்திருந்த தாய்க்கு, வீட்டுப் படலைக்கு வெளியே வேறொன்று காத்துக்கொண்டு நின்றது. கடைசியில் அவர் ஒரு நிபந்தனையோடு விட்டார்: இரவுப் பாசறைக்கு அனுப்ப மாட்டன்.

அவனை மயில் அணியில் போட்டோம். அணித்தலைவன் அவனைவிட ஒரு வயது இளையவன், மெலிந்த, அமைதியான பெடியன். முதல் நாளே அந்தத் தலைவன் சாமான் பெட்டித் திறப்பை இவனிடம் கொடுத்துவிட்டான். பெட்டிக்குள் இரண்டு கோடரி, ஒரு மண்வெட்டி, கயிறு, பெரிய சட்டி, லாந்தர். எல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிச் சேர்த்தவை. நான் தலைவனைத் தனியாகக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டேன். "அவனிட்டத் திறப்பு இருந்தா அவன் வரத்தானே வேணும் சேர்" என்றான். பிள்ளை வளர்ப்பைப் பற்றிப் பெரியவர்கள் பேசக் கேட்டவற்றில் இதற்குப் பக்கத்தில் வைக்க என்னிடம் அதிகம் இல்லை.

ஒரு சனிக்கிழமை அவன் வரவில்லை. வெள்ளி இரவு மணல் ஓடியிருக்கிறது. மயில் அணிக்கு அன்று கறி சமைக்கிற முறை. பெட்டி பூட்டிக் கிடக்கிறது, மற்ற அணிகள் அடுப்பு மூட்டிவிட்டன, இவர்கள் ஐந்து பேரும் பெட்டிக்கு மேலே ஏறி இருந்துகொண்டார்கள். அடுத்த அணியில் சட்டி கடன் வாங்கவில்லை. பூட்டை உடைக்கட்டா என்று ஒருவன் கேட்டதற்கு வேண்டாம் என்றுவிட்டார்கள். கொஞ்ச நேரத்தில் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனார்கள். படுத்திருந்தவனை எழுப்பி, யாரும் திட்டாமல், "எங்களுக்குப் பசிக்குது, வா" என்றிருக்கிறார்கள். அவ்வளவுதான் நடந்தது. நான் வீட்டுக்குப் போயிருந்தால் அவன் பின்பக்கத்தால் ஓடியிருப்பான்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்துக்குள் கிடந்தபோதும் இதையேதான் பார்த்தேன். பள்ளிக்கூடங்கள் நலன்புரி நிலையங்களாகின. நிவாரணம் வந்து படம் பிடிக்கிற நேரத்தில் ஆள் குறைவில்லை. இரவு மலசலகூடத்துக்குத் தண்ணீர் அள்ளி வைக்கத்தான் ஆள் இல்லை. எங்கள் அப்போதைய பெடியள் அதைத் தங்களுக்குள் முறை போட்டுக் கொண்டார்கள். முறை எழுதிய கொப்பி ஒற்றையை நான் பிறகுதான் கண்டேன்.

ஆயிரம் ரூபாய்

சாரணர் வேலை வாரத்தில் பெடியள் வீடு வீடாகப் போவதைப் பார்த்திருப்பீர்கள். கையில் ஒரு அட்டை. அதில் வேலை தந்தவர் பெயர், செய்த வேலை, தந்த தொகை, கையொப்பம். கேட்டு, செய்து, வாங்கி, எழுதிக்கொண்டு வரவேண்டும். பெரும்பாலான வீடுகளில் சனம் வேலை கொடுக்காது, பாவம் பிள்ளைகள் என்று காசைக் கொடுத்து அனுப்பிவிடும். பிள்ளை ஏதோ ஒன்றை எழுதும். பல குழுக்களில் இதை யாரும் கணக்கெடுப்பதில்லை, சேருகிற தொகையைத்தான் பார்ப்பார்கள். எனக்கு இது சின்ன விசயமாகத் தெரியவில்லை. ஒரு பிள்ளை தன் கையால் எழுதுகிற முதல் கணக்கே பொய்க்கணக்கு என்றால் பிறகு என்னத்தைப் பழக்குகிறோம்?

அந்த வருடம் திறப்புக்காரன் இரண்டு இடத்துக்குப் போயிருந்தான். ஒன்று தனியே இருக்கிற ஒரு ஆச்சியின் வளவு. கிணற்றடியைச் சுற்றிப் புல்லுச் செருக்கி, விழுந்த வேலிக் கிடுகை இழுத்துக் கட்டிவிட்டு வந்திருக்கிறான். நூறு ரூபாய். ஆச்சிக்குக் கையெழுத்து வராது, பெருவிரலில் பேனா மையைப் பூசி வைத்திருந்தார், அந்த அடையாளம் கட்டத்துக்கு வெளியேயும் இழுபட்டிருந்தது. மற்றது சந்தியில் ஒரு கடை. கடைக்காரருக்கு மணல் ஓட்டத்திலும் பங்கு உண்டு, இவனை நன்றாகத் தெரியும். "உனக்கு என்னடா வேலை, இந்தா" என்று ஆயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டு விட்டிருக்கிறார்.

அன்று பின்னேரம் அணிகள் தங்கள் அட்டைகளைச் சரிபார்க்கிற நேரம். நான் பக்கத்து மேசையில் வேறொரு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். மயில் அணிப் பக்கம் சத்தம் கேட்டது. இவனுடைய அட்டை மேசையில் கிடக்கிறது. கடைக்காரரின் வரியில் பெயர் இருக்கிறது, 1000 இருக்கிறது, கையொப்பம் இருக்கிறது. செய்த வேலை என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. ஒருவன் சொன்னான், "கடை கூட்டினது எண்டு எழுதடா". "நான் கூட்டேல்லையே." "அது ஆருக்குத் தெரியும்?" இன்னொருவன், "ஆயிரம் ரூபா மச்சான், நாங்கள்தான் முதலாவதா வருவம்" என்றான். இவன் பேனாவை எடுத்தான், வைத்தான், திரும்ப எடுத்தான். மணல் ரக்டருக்குப் பொலிஸ் எங்கே நிற்கிறது என்று கூசாமல் போனில் சொன்ன பெடியன்தான். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் இரண்டு சொல் எழுத அவனுக்குக் கை வரவில்லை. மேல் வரியில் ஆச்சியின் மை பூசின விரலடையாளம். அதற்குக் கீழே இதை எழுதவேண்டும்.

என்னைப் பார்த்தார்கள். என்ன செய்வது என்று நான் சொல்லியிருந்தால் அந்த இடத்திலேயே விசயம் முடிந்திருக்கும், அடுத்த முறையும் என்னைப் பார்த்திருப்பார்கள். "உங்கட அணி, நீங்களே முடிவெடுங்கோ" என்றுவிட்டுக் கணக்கில் குனிந்தேன். காது அங்கேதான் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றான் ஒருவன். அது கடைக்காரரை அவமதிப்பதாகிவிடும் என்றான் இன்னொருவன். கடைசியில் அந்த மெலிந்த தலைவன் சொன்னான்: "காசு வாங்கியாச்சு. வேலைதானே மிச்சம்? போய்ச் செய்வம்."

ஆறு பேரும் போனார்கள். ஆயிரம் ரூபாய்க்கு ஒருவனுடைய வேலை காணாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். கடைக்காரர் முதலில் சிரித்தார், பிறகு எரிச்சல்பட்டார், தொந்தரவு தாங்காமல் கடைக்குப் பின்னால் கிடந்த சீமெந்துப் பைகளையும் பழைய தகரங்களையும் காட்டினார். இருட்டும்வரை அடுக்கினார்கள். திரும்பி வரும்போது எல்லார் தலையிலும் சீமெந்துத் தூள். அவன் அட்டையை எடுத்து, "சீமெந்துப் பை 40 அடுக்கியது, தகரம் ஒதுக்கியது" என்று எழுதினான். எழுத்து கட்டத்துக்குள் அடங்காமல் அடுத்த கட்டத்துக்கும் போயிருந்தது. யாரும் அவனைப் பாராட்டவில்லை, தண்ணி குடிக்கக் கிணற்றடிக்கு ஓடினார்கள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. அந்தக் காலத்தைப் பற்றி ஊர் கேட்கிற கேள்விக்கு எனக்கு ஒரு விடை கிடைத்ததாகவே நினைக்கிறேன். அந்தக் கட்டத்தை யாரும் காவல் காக்கவில்லை. பொய் எழுதினால் பிடிபட வழியே இல்லை, அடியும் விழாது. அவனை நிறுத்தியது பயம் இல்லை. முந்தின நாள் அவன் உண்மையாகவே ஒரு வேலை செய்திருந்தான், அதற்கு ஒரு கிழவி உண்மையாகவே ஒப்பமிட்டிருந்தார், அந்த ஐந்து பேரும் அவனைத் திறப்புக்காரனாக வைத்திருந்தார்கள். இழப்பதற்கு அவனிடம் ஏதோ ஒன்று சேர்ந்துவிட்டது. பெரியவர்கள் எங்களால் செய்ய முடிவது அது சேருவதற்கு இடம் விடுவதுதான். அதற்கு நேரம் எடுக்கும். பிரம்புக்கு ஒரு நிமிடம் காணும், அதனால்தான் பிரம்பை எல்லாருக்கும் பிடிக்கிறது.

இதை அற்புதக் கதையாக எடுக்கவேண்டாம். மணல் ரக்டர் இன்னும் ஓடுகிறது. இவனும் ஒரே நாளில் விடவில்லை, அதன் பிறகும் ஒரு முறை போயிருக்கிறான் என்று கேள்வி. இதே குழுவில் இருந்த இன்னொரு பெடியன், நல்ல கெட்டிக்காரன், சாதாரண தரம் எழுதிய கையோடு ஐஸ் பக்கம் போய்விட்டான், அவனைத் திருப்பிக் கொண்டுவர எங்களால் முடியவில்லை. சாரணியம் தொழில் கொடுக்காது, கடன் அடைக்காது, தகப்பன் இல்லாத வீட்டுக்குத் தகப்பனாக வராது. அந்த அம்மா இன்னும் மகனை இரவுப் பாசறைக்கு விடுவதில்லை. பாசறை நடக்கும் நாட்களில் இருட்ட முன்னம் சைக்கிளில் வந்து கூட்டிக்கொண்டு போவார், விடியக் கொண்டுவந்து விடுவார். இரவு தங்காததால் சில சின்னங்களை அவனால் எடுக்க முடியாது. நான் அவரிடம் ஒரு முறையும் கேட்டதில்லை, கேட்கப் போவதும் இல்லை. அவனும் தாயிடம் கேட்பதில்லை என்று தலைவன் சொன்னான்.

எனக்கு இப்போது இருக்கிற பெரிய கவலை வேறு. பதினெட்டைத் தாண்டினால் திரிசாரணராகத் தொடரலாம், ஆனால் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு குழு நடத்த ஆள் இல்லை. உண்மையில் பெடியன் தடுமாறுகிற வயது அதுதான். பள்ளிக்கூடம் விட்டுவிடும், வேலை கிடைத்திருக்காது, கையில் போனும் கூட்டாளியின் மோட்டார் சைக்கிளும் இருக்கும். 2016இல் யாழ்ப்பாணத்தில் தேசிய ஜம்போரி என்ற சாரணர் ஒன்றுகூடல் நடந்தபோது ஒரு கிழமை எல்லாருக்கும் சாரணியத்தில் பெரிய உற்சாகம் இருந்தது, பிறகு அந்த உற்சாகம் சனிக்கிழமைப் பின்னேரம்வரை வந்து சேரவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் இருக்கிறவர்கள், முந்தி கழுத்துப்பட்டி கட்டினவர்கள், கட்டாதவர்கள், யாராக இருந்தாலும், உங்களுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சாரணர் குழு இருக்கிறதா என்று ஒருக்கால் விசாரியுங்கள். பல இடத்தில் பெயருக்கு இருக்கும், பொறுப்பாசிரியர் பாடவேலைக்கு நடுவே தனியே இழுத்துக்கொண்டிருப்பார். வயறிங் தெரிந்தால் வயறிங், தச்சுவேலை தெரிந்தால் அது, முதலுதவி தெரிந்த தாதியர் என்றால் இன்னும் நல்லது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பின்னேரம் மூன்று மணியில் இருந்து இருட்டும்வரை. சம்பளம் இல்லை, தேத்தண்ணி உண்டு, அதைப் பெடியள்தான் போடுவார்கள்.